சுஹறா டீச்சர் கேட்டால் சொல்லும்

“என்ன சொல்ற? முழுங்காம சொல்லு” என்று சுஹறா டீச்சர் அதட்டினால் கம்ப்யூட்டர் லேபில் உள்ள பிள்ளைகள் யாரும் தலை நிமிர்வதில்லை. அதட்டல் தங்களுக்கு இல்லை என்று அவர்களுக்குத் தெரியும். டீச்சர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரையில் ஓடும் வரிகளை ஒவ்வொன்றாக உரக்க வாசித்துக்கொண்டிருப்பார். புரிகிற வரிக்குத் தலையாட்டுவார். புரியாத வரியை இரண்டாம் முறை, இன்னும் சத்தமாக வாசிப்பார்.

வாசிக்க உட்காரும் முன் வலக்கை வளையலைக் கழற்றி சாப்பாட்டு டப்பாவின் மூடியில் வைத்துவிடுவார். அது கீபோர்டில் இடிக்கும் சத்தம் அவருக்கு ஆகாது. மூன்று விரல்களால்தான் டைப் அடிப்பார். யாராவது பால் விடாத சுலைமானி டீ கொண்டுவந்தால் எழுந்து வாசலுக்குப் போய், நின்றபடி குடித்துவிட்டு வருவார். ஒருமுறை சோதனைக்கு வந்த அதிகாரி மேஜைமேல் டீ கிளாஸை வைத்தபோது, “சார், அது குடிக்காது” என்று சொல்லி கிளாஸை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

அவர் நடத்தும் பாடம் ஹிந்தி. கடலுண்டிப் புழை என்கிற ஆற்றின் கரையில் இருக்கும் எங்கள் மேலேக்கடவு ஹைஸ்கூலுக்கு லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர்கள் வந்து இறங்கியபோது, ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் ஜன்னல் பக்கம் பார்த்தார்களாம். “ஹிந்திக்கு பீரியடு கம்மி, டீச்சர் பாத்துக்கட்டும்” என்று ஹெட்மாஸ்டர் சாவியை நீட்டினார். முதல் வருஷம் அந்தச் சாவியைத் தொடவே பயந்தவர் இப்போது லீவு எடுத்தாலும் அதைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. அவர் மீது ஊரில் உள்ள புகார்களில் அது ஒன்று. போனை எடுப்பதில்லை என்பது இன்னொன்று. பேக்கரி வைத்திருக்கும் அவர் கணவர் சலாம்க்காவுக்கும் ஒரு புகார் உண்டு. “கல்யாணமாகி இத்தன வருஷத்துல என்னப் பாத்து ‘என்னாச்சு, எங்க வலிக்குது’ன்னு கேட்டதில்ல. அந்தப் பெட்டிகிட்ட தெனமும் கேக்குறா.”

டீச்சரிடம் கோழிக்கோட்டு அலுவா வந்த தகர டப்பா ஒன்று இருக்கிறது. உள்ளே கேபிள்கள், பென் டிரைவ்கள், பெயர் தெரியாத சின்னச் சின்ன உதிரிகள். ஒவ்வொன்றின் முதுகிலும் மகளின் நெயில் பாலீஷில் ஒரு பொட்டு. பச்சை என்றால் உயிர் இருக்கிறது. சிவப்பு என்றால் இல்லை. சிவப்பை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டால், “நான் கேக்கத் தெரியாமக் கேட்டிருப்பேன்” என்பார்.

அவருக்கு ஆகாத பேச்சு ஒன்று உண்டு. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாம் என்பது. “தலைவலின்னு வந்தா தலையையே மாத்துவீங்களா? கேட்டா சொல்லும். கேக்குறதுக்கு நமக்குத்தான் பொறுமை இல்ல.”

நான் தேனிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். படுக்கையில் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் பாலியேட்டிவ் கிளினிக்கில் நர்ஸ். டீச்சரை நான் நெருங்கி அறிந்தது பள்ளிக்கூடத்தில் அல்ல, பீரான்குட்டி காக்காவின் வீட்டில்.

பீரான்குட்டி காக்கா மீன்காரர்; காக்கா என்றால் இங்கே அண்ணன். எம்.எய்ட்டி வண்டியின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு, “கூ...ய்” என்று ஒரு குரல் கொடுத்தால் புழைக்கு அக்கரையில் இருக்கும் பெண்கள்கூடச் சட்டியோடு வெளியே வருவார்கள். பிறகு நரம்புகள் தசைகளை ஒவ்வொன்றாகக் கைவிடும் நோய் வந்தது. கை போனது, கால் போனது, கடைசியில் குரலும் போனது. மிஞ்சியவை கண்களும் இடது கன்னத்தில் ஒரு துடிப்பும். அறிவு மட்டும் பழையபடி இருந்தது. நாங்கள் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்டது, புரிந்தது.

அந்தக் கன்னத் துடிப்பைப் பிடித்துக்கொண்டார் டீச்சர். ஷார்ஜாவில் இருக்கும் காக்காவின் மகன் ஒரு குட்டி சுவிட்ச் அனுப்பிவைத்தான். மூக்குக்கண்ணாடியின் காம்பில் மாட்டினால் கன்னம் அசைவதை உணர்ந்து, கம்பி இல்லாமல் புளூடூத் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். பள்ளியில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை அனுமதி வாங்கிக் கொண்டுவந்து, கட்டிலுக்கு எதிரே வைத்தார் டீச்சர். திரையில் மலையாள எழுத்துகள் வரிசையாக ஒளிரும். வேண்டிய எழுத்து ஒளிரும்போது காக்கா கன்னத்தை அசைப்பார். எழுத்து சேர்ந்து சொல்லாகும், சொல் சேர்ந்து வாக்கியமாகும், கம்ப்யூட்டர் அதை ஒரு தகரக் குரலில் பேசும். அவர் அடிக்கடி சொல்லும் சொற்களை அது கற்று வைத்துக்கொண்டு, முதல் எழுத்திலேயே முழுச் சொல்லையும் நீட்டும். ‘ம’ என்றால் மத்தி.

இரண்டு வருஷம் அப்படிப் பேசினார். மனைவி கதீசும்மாவோடு சண்டை போட்டார். எனக்கு ஊசி குத்தத் தெரியவில்லை என்றார். வாசலில் கூவும் புது மீன்காரனின் குரலுக்கு மார்க் போட்டார்.

இந்த மழைக்காலத்தில் அவருக்கு விழுங்குவது கஷ்டமானது. கஞ்சியே புரையேறியது. வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைத்தால் அதன் வழியாக ஆகாரம் கொடுக்கலாம், ஆனால் அவர் சம்மதிக்க வேண்டும், வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் வருகிறேன், அதற்குள் கேட்டு வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம்தான், காக்காவைக் குளிப்பாட்டக் கட்டிலை நகர்த்தியபோது கட்டில் கால் இடித்து, கம்ப்யூட்டரின் முன்பக்கம் துருத்திக்கொண்டிருந்த புளூடூத் அடாப்டர் உடைந்தது. கட்டைவிரல் நகத்தளவு பொருள். அதோடு காக்காவின் பேச்சு நின்றது.

கண்ணால் பேசலாமே என்று தோன்றும். ஆமாம் என்றால் ஒருமுறை கண்ணை மூடுவார். வேண்டாம் என்றால் மேலே பார்ப்பார். கதீசும்மா கேட்டார், தம்பி செய்தலவி கேட்டார், நானும் கேட்டேன். “குழாய் வைக்கட்டுமா காக்கா?” அவர் கண்ணை மூடவும் இல்லை, மேலே பார்க்கவும் இல்லை. கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“இப்பிடி ஒண்ணும் சொல்லாமக் கெடந்தா நான் என்ன செய்யட்டும் சிஸ்டரே?” என்று கதீசும்மா அடுப்படியில் வந்து அழுதார். “வேணாம்னா வேணாம்னு சொல்லிட்டுப் போகட்டும்.”

செய்தலவிக்குப் பெரிந்தல்மண்ணையில் சிமென்ட் கடை. அன்றே ஒரு புது அடாப்டர் வாங்கிவந்து சொருகினார். ஒன்றும் நடக்கவில்லை. ‘புளூடூத் எதுவும் காணப்படவில்லை’ என்றது திரை. ரோட்டுக்குப் போய் டீச்சருக்குப் போன் போட்டார். டீச்சர் எடுக்கவில்லை. நான் பள்ளிக்கூடத்துக்கே போய் ஏழாம் வகுப்பு வாசலில் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த சாக்பீஸைப் பையில் போட்டுக்கொண்டு, மற்றொரு டீச்சரை வகுப்பில் உட்கார வைத்துவிட்டு வந்தார். அலுவா டப்பாவில் பச்சைப் பொட்டு வைத்த அடாப்டர் எதுவும் இல்லை. செய்தலவி வாங்கியதை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

காக்காவைப் பார்த்து, “வந்துட்டேன்” என்று மட்டும் சொன்னார். வளையலைக் கழற்றினார். கறுப்புத் திரையைத் திறந்து ஏதோ தட்டினார். வரிகள் ஓடின.

“இருக்கான். வாசல்ல புது ஆள் நிக்கிறது கம்ப்யூட்டருக்குத் தெரியுது. பேரையும் சொல்லுது. ஆனா உள்ள விடல. ஏன்?” காக்காவின் கண்கள் அவருடைய முதுகைவிட்டு நகரவில்லை.

எங்கேனும் பூட்டி வைத்திருக்கிறதா என்று பார்த்தார். பூட்டவில்லை. புளூடூத்தைக் கவனிக்கும் வேலையை நிறுத்தி மறுபடி தொடங்கிப் பார்த்தார். பலன் இல்லை. அரை மணி நேரம் தப்பான இடத்தில் தேடினார், அடாப்டரே போலி என்றுகூடச் சொல்லிவிட்டார். அதைக் கேட்ட செய்தலவியின் முகம் சிவந்தது.

“நல்ல கடையில வாங்குனது டீச்சரே. என் கடைப் பையன் லேப்டாப்புல போட்டுப் பாத்தோம், சொருகுனதும் வேல செஞ்சுது. பேசாம இதுலயும் எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ் போட்டுடலாம். ஒரு மணி நேர வேல.”

டீச்சர் திரும்பினார். “செய்தலவி, இதுக்குள்ள உங்க காக்கா ரெண்டு வருஷமா பேசுன பேச்சு இருக்கு. அவரோட வார்த்தை எல்லாம் ஒவ்வொண்ணா இது கத்து வெச்சிருக்கு. வேற ஒண்ணப் போட்டா இந்த எழுத்துப் பலகை அதுல ஓடுமான்னே எனக்குத் தெரியாது. ‘அ’னாவுலேர்ந்து மறுபடி ஆரம்பிக்கச் சொல்றீங்களா? அவருக்கு நேரம் இருக்கா?”

சொன்ன பிறகுதான் அந்தக் கடைசிக் கேள்வி அந்த அறையில் என்னவாக விழுந்தது என்று அவருக்கே உறைத்தது. கட்டில் பக்கம் பார்த்தார். காக்கா ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். நீ சொன்னது சரி என்று அர்த்தம். டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரைக்குத் திரும்பினார்.

இந்த முறை அவசரப்படவில்லை. கம்ப்யூட்டர் எழுந்ததிலிருந்து தனக்குள் எழுதிவைத்துக்கொண்டே வந்த குறிப்புகளை முதலிலிருந்து உரக்க வாசித்தார். வெளியே மழை. கதீசும்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, புரியாவிட்டாலும் குர்ஆன் ஓதுவதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தார்.

“ஆங்! சொல்லிட்டுது. கேளுங்க. இந்தக் குட்டிச் சாமானுக்குச் சொந்தமா ஞாபகம் கெடையாது. ஒவ்வொரு தடவ கரண்ட் வரும்போதும், ‘நீ யாரு, என்ன செய்யணும்’னு கம்ப்யூட்டர்தான் ஒரு ஃபைலை எடுத்து ஊட்டணும். அந்த ஃபைல் இங்க இல்ல. போட்டது பழைய லினக்ஸ், சாமான் புதுசு. பாவம், வாய்ல ஒண்ணும் வெக்காம வாசல்லயே நிக்குது.”

புழையோரத்து அந்த வீட்டில் போனுக்கு சிக்னல் கிடையாது. டீச்சர் குடையைப் பிடித்துக்கொண்டு ரப்பர் தோட்டத்து மேட்டில் ஏறினார். நான் பின்னால் போனேன். சறுக்கும் மண்ணில் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, போனை மார்போடு அணைத்து, ஃபைல் இறங்கும்வரை நின்றார். அப்போது சலாம்க்காவின் அழைப்பு வந்தது. வழக்கம்போல் எடுக்கவில்லை.

“எடுத்துப் பேசுங்களேன் டீச்சரே.”

“எடுத்தா இது நின்னுடும் சிஸ்டர். அவருக்குத் தெரியும்” என்றார். தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

இறங்கிவந்து ஃபைலை உரிய இடத்தில் வைத்தார். கம்ப்யூட்டரை அணைத்து எழுப்பினார். எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றோம்.

‘புளூடூத் எதுவும் காணப்படவில்லை.’

செய்தலவி வராந்தாவுக்குப் போய்விட்டார். கதீசும்மா எழுந்து அடுப்படிக்குப் போனார். டீச்சர் மட்டும் அதே இடத்தில், ஈரத் தலையோடு. குறிப்புகளை மறுபடி வாசித்தார். அதே புகார்: ஃபைல் இல்லை. “கண்ணு முன்னால வெச்சிருக்கேன், இல்லைங்கிற!” என்று அதட்டினார். பிறகு குரல் தணிந்தது. கம்ப்யூட்டர் கேட்கும் பெயரையும் தான் வைத்த ஃபைலின் பெயரையும் எழுத்தெழுத்தாக, ஹிந்தி டிக்டேஷன் கொடுப்பதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பாதியில் நின்றார். இன்னொரு முறை சொன்னார். ஃபைலின் பெயர் நடுவில் ஒரு ‘யு’ கூடுதலாக இருந்தது. கம்ப்யூட்டர் கேட்டது ‘யு’ இல்லாத பெயரை.

“ஒரு எழுத்து! ஒரு எழுத்து தப்புன்னா பிள்ளைங்களுக்கு நானே மார்க்கு போட மாட்டேன். இது எப்பிடிப் போடும்?” என்று தன் தலையில் தானே குட்டிக்கொண்டார். அந்த ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து, கம்ப்யூட்டர் கேட்ட பெயரையே வைத்தார். மறுபடி அணைத்து எழுப்பினார். அப்போதும் இல்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சர் சிரித்தார். “இப்ப எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரத்தான் அணைச்சேன். இந்தக் குட்டிக்குப் போற கரண்ட் நிக்கவே இல்ல. அது இன்னும் பழைய பட்டினியிலயே நிக்குது.” குனிந்து அடாப்டரை உருவினார். உள்ளங்கையில் ஒரு மூச்சு நேரம் வைத்திருந்தார். திரும்பச் சொருகினார்.

கறுப்புத் திரையில் வரிகள் சரசரவென்று இறங்கின. டீச்சர் அவற்றை வாசிக்கக்கூட இல்லை. “கதீசுத்தா!” என்று கத்தினார். “செய்தலவியக் கூப்பிடுங்க!”

காக்காவின் மூக்குக்கண்ணாடியில் சுவிட்சை மாட்டி, அதன் பொத்தானை அழுத்திப் பிடித்தார். கம்ப்யூட்டர் அதை அடையாளம் கண்டுகொண்டது. “காக்கா, ஒரு தடவ.” கன்னம் துடித்தது. எழுத்துப் பலகை ஒளிர்ந்து நகர ஆரம்பித்தது.

முதல் எழுத்து விழுந்ததும் எல்லோரும் திரைக்கு முன்னால் குவிந்தோம். செய்தலவி ஒவ்வோர் எழுத்துக்கும் ஊகம் சொன்னார். “‘வ’ன்னு ஆரம்பிக்குது. வேண்டாம்னு சொல்லப் போறார்.”

“தள்ளி நில்லுங்க எல்லாரும்” என்றார் டீச்சர். “பேசுற ஆளோட வாய்க்குள்ள தலைய விட்டுப் பாப்பீங்களா? அவர் சொல்லி முடிக்கட்டும். அப்புறம் காதால கேளுங்க.” என்னையும் சேர்த்துத்தான் விரட்டினார். சுவரோரமாக நின்றோம். மழைச் சத்தமும், எழுத்து விழும்போது எழும் சின்ன டிக் ஒலியும் மட்டும் கேட்டன. கதீசும்மா ஆக்கி வைத்திருந்த சோறு ஆறிப்போனது.

கடைசியில் அந்தத் தகரக் குரல் பேசியது. பழைய குரல்தான். உணர்ச்சியே இல்லாமல், ரயில் நிலைய அறிவிப்புப் போல.

“வெச்சுக்கலாம் குழாய். ஆனா மத்திக் கறிய நிறுத்தக் கூடாது. தெனமும் நாக்குல தொட்டு வைக்கணும்.”

ஆமாம், இல்லை என்ற இரண்டுக்குள் அடங்காத பதிலை வைத்துக்கொண்டு அந்த மனிதர் அத்தனை நேரமும் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கிடந்திருக்கிறார். கதீசும்மா என்னைப் பார்த்தார். “செய்யலாமா சிஸ்டரே? புரையேறாதா?”

“நாக்கு நுனியில ஒரு சொட்டுக் கொழம்பு வைக்கலாம் இத்தா. நிமிர்த்தி உக்கார வெச்சு வைக்கணும். எப்பிடின்னு நான் காட்டித் தர்றேன். டாக்டர்கிட்டயும் சொல்லிடறேன்.”

கன்னம் மறுபடி துடித்தது. இந்த முறை சீக்கிரம் முடிந்தது.

“புளி கம்மியா.”

“யா ரப்பே! கல்யாணம் ஆன அன்னிலேர்ந்து இதே குத்தம்!” என்று கதீசும்மா முகத்தைத் தலையில் போட்டிருந்த தட்டத்துணியில் பொத்திக்கொண்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று சொல்ல முடியவில்லை. செய்தலவி கட்டிலோரம் உட்கார்ந்து, அண்ணனின் அசையாத பாதத்தைப் பிடித்துக்கொண்டார். “நான் பயந்துட்டேன் காக்கா” என்றார். “நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டேன்.”

வெள்ளிக்கிழமை டாக்டரிடமும் காக்காவே சொன்னார். இரண்டு கேள்விகளும் கேட்டார். அடுத்த வாரம் மஞ்சேரி ஆஸ்பத்திரியில் குழாய் வைத்தார்கள். வீடு திரும்பிய பிறகு மதியம்தோறும் கதீசும்மா ஒரு கரண்டி முனையில் குழம்பை எடுத்து அவர் நாக்கில் தொட்டு வைக்கிறார். நான் போகும் நாட்களில் பக்கத்தில் நிற்பேன். கண்ணை மூடி வெகுநேரம் அப்படியே இருப்பார். அதன் பிறகு குறை சொல்ல ஆரம்பிப்பார்.

காக்காவுக்குப் பேச்சு திரும்பிய அன்று நாங்கள் கிளம்பும்போது டீச்சர் வளையலைப் போட்டுக்கொண்டு வாசல்வரை வந்துவிட்டார். பிறகு என்ன நினைத்தாரோ, “சிஸ்டர், உங்க பையில பிளாஸ்டர் இருக்கா?” என்று கேட்டுவாங்கிக்கொண்டு உள்ளே போனார். உள்ளே தகரக் குரல் செய்தலவியிடம் கடை வியாபாரம் எப்படி என்று விசாரித்துக்கொண்டிருந்தது. டீச்சர் அவர்கள் பக்கம் பார்க்கவில்லை. கம்ப்யூட்டருக்கு முன் தரையில் மண்டியிட்டு, அடாப்டரைச் சுற்றி பிளாஸ்டரை ஒட்டினார். ஊசி போட்ட இடத்தை நாங்கள் அழுத்திப் பிடிப்பதுபோல, கட்டைவிரலை அதன்மேல் வைத்து வெகுநேரம் அழுத்திக்கொண்டே இருந்தார்.